கையைக் கட்டச் சொன்ன பள்ளிகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் காதுகேளாதோர் 50 லட்சத்துக்குச் சற்று மேல். முறையாகப் பயின்று தகுதிச் சான்று பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் 250, மிஞ்சினால் 300 பேர் என்றுதான் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எழுதின. வகுத்துப் பார்த்தால் பதினாறாயிரம் பேருக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. இன்னும் ஆயிரம் பேரைச் சேர்த்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தால் விஷயம் முடிந்தது என்றுதான் இந்தக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றும். அது அவ்வளவு சுலபமாக முடியாது. இந்தப் பற்றாக்குறையின் வேர் காதுகேளாத குழந்தைகளின் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை சைகையை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தி வைத்தன. ஒரு மொழியைக் கற்பிக்காமல், அதற்கு அகராதி போடாமல், அதில் ஓர் ஆசிரியரைக்கூட உருவாக்காமல் இருந்துவிட்டு, அதில் மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லையே என்று கையைப் பிசைவது, விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டு விளைச்சலைத் தேடுவது மாதிரி. இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் அதிகாரிகளோ கல்வியாளர்களோ அல்ல, காதுகேளாதோரேதான். அவர்கள் என்ன கேட்டார்கள், எந்த வரிசையில் கேட்டார்கள் என்பதைப் பார்த்தாலே அது தெரியும்.

1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காதுகேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. சைகையை விட்டுவிட்டு உதட்டசைவையும் வாய்ப்பேச்சையும் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். வந்திருந்த 160-க்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் காதுகேளாதவர் ஒரே ஒருவர். இந்தியாவில் இத்தகைய பள்ளிகள் தலையெடுத்த காலமும் அதுதான்: பம்பாயில் 1880-களில், கல்கத்தாவில் 1893-இல், நூற்றாண்டு முடிவதற்குள் நம் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரிப் பெண்மணியின் முயற்சியில். கண்டிப்பு பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டாலும், பேச வைப்பதே கல்வி, சைகை அதற்கு இடைஞ்சல் என்ற எண்ணம் ஆசிரியர் பயிற்சியில் ஊறிவிட்டது. 'கைகட்டி வாய்பொத்தி' என்று நாம் பணிவைச் சொல்வோம். இந்தப் பிள்ளைகளுக்கு வாயைத் திறப்பதும் கையைக் கட்டுவதும்தான் பணிவு. ஆனாலும் மொழி சாகவில்லை. 1928-இல் டாக்கா, பாரிசால், கல்கத்தா பள்ளிகளைப் பார்வையிட்ட பானர்ஜி என்பவர், ஆசிரியர்கள் தடுத்தும் சைகை அங்கே செழித்து வளர்ந்திருப்பதைப் பதிவு செய்திருக்கிறார். விடுதியில், மைதானத்தில், சாப்பாட்டு வரிசையில் மூத்த பிள்ளைகளிடமிருந்து இளைய பிள்ளைகளுக்கு அது கைமாறியது. அப்படிக் கைமாறும் மொழி உயிரோடு இருக்கும், வளரவும் செய்யும். வெளியாட்களுக்கு மட்டும் அதற்குள் நுழைய வழியிருக்காது. காது கேட்பவர்களில் அதைக் கற்றவர்கள் காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளும், விடுதியில் காலம் தள்ளிய சில ஊழியர்களும்தான். மொழிபெயர்ப்பு ஒரு தொழிலாகாமல் வீட்டு வேலைகளில் ஒன்றாகவே நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

வீட்டாரே பார்த்துக்கொள்ளட்டுமே, அதில் என்ன குறை என்று இன்றும் கேட்கிறார்கள். காதுகேளாத தாய் மருத்துவமனைக்கு வருகிறாள், பக்கத்தில் பத்து வயது மகள். மார்பில் கட்டி, சோதனை முடிவு நல்லதாக இல்லை என்று மருத்துவர் அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைத் தாயிடம் அவள் எப்படிச் சொல்வாள், எதை விழுங்குவாள்? சொத்துத் தகராறில் அண்ணன் மொழிபெயர்த்தால் தம்பியின் சொல் எவ்வளவு தூரம் போகும்? பாசம் இருக்கிற இடத்தில் மறைப்பும் இருக்கும், சில வீடுகளில் ஆதாயமும் இருக்கும். இது போக, வேலையே நாம் நினைப்பதைவிட நுணுக்கமானது. இந்திய சைகை மொழியில் 'என்ன', 'எங்கே' போன்ற கேள்விச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வரும். வினையும் பெரும்பாலும் பின்னால்தான். தமிழ் பேசுபவருக்கு ஆங்கிலத்தைவிட இந்த அமைப்பு நெருக்கமாகப்படும் என்பது வேடிக்கையான உண்மை. இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது. அதே சைகையைப் புருவம் உயர்த்திச் செய்தால் கேள்வி, உயர்த்தாமல் செய்தால் செய்தி. கதையில் வரும் ஆட்களைக் காற்றில் ஆளுக்கோர் இடத்தில் நிறுத்தி, பிறகு அந்த இடத்தைச் சுட்டியே யார் யாரிடம் சொன்னார் என்று காட்டுவார்கள். நீதிமன்றத்தில் இந்த இடங்களைக் குழப்பினால் அடித்தவன் அடிபட்டவன் ஆகிவிடுவான். காதில் ஒரு வாக்கியம் விழுந்துகொண்டிருக்கும்போது கை முந்தைய வாக்கியத்தை முடித்துக்கொண்டிருக்கும். அதனால் நீண்ட கூட்டங்களில் இருவர் சேர்ந்து வேலை செய்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போல மாறிக்கொள்வார்கள். பத்து வயதுப் பெண்ணிடம் எதிர்பார்க்கிற வேலையா இது?

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். பாதிரியார், ஆசிரியர், காதுகேளாதோரின் பிள்ளைகள் ஆகியோர் ஓய்வு நேரத்தில், பெரும்பாலும் கூலி இல்லாமல் மொழிபெயர்த்தார்கள். 1964 ஜூனில் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் கூடிய ஒரு கூட்டத்தில்தான் மொழிபெயர்ப்பாளர்களுக்கான தேசியப் பதிவேடு உருவானது. அடுத்த ஆண்டே தொழில்சார் மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் மொழிபெயர்ப்புக்கு அரசுப் பணத்திலிருந்து ஊதியம் தரலாம் என்றது. அதன்பின் 1973, 1975, 1990 ஆண்டுகளின் சட்டங்கள் முறையே அரசு நிதி பெறும் நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் பொது வாழ்விலும் தேவையைக் கட்டாயமாக்கின. வேலைக்குக் கூலியும், கூலிக்குச் சட்டமும், தகுதிக்குத் தேர்வும் வந்த பிறகே ஆட்கள் வந்தார்கள். இன்றும் அங்கே பற்றாக்குறை உண்டு என்றாலும் தொழில் உண்டு. ஆனால் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்க சைகை மொழியை ஆராய்ந்து அது முழுமையான மொழி என்று நிறுவத் தொடங்கியிருந்தார். அந்த அடித்தளம் இல்லாமல் தேர்வு வைத்தால் எதை அளவுகோலாக வைப்பார்கள்?

நம் நாட்டில் அந்த அடித்தளம் தாமதமாக வந்தது. 1970-களின் பிற்பகுதியில் மதன் வசிஷ்டா என்ற காதுகேளாத இந்திய அறிஞரும் உட்வர்ட், வில்சன் என்ற அமெரிக்கர்களும் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளைத் திரட்டினார்கள். சொற்களில் முக்கால் பங்கு ஒன்றோடொன்று உறவுடையவை என்று கண்டார்கள். ஊருக்கு ஊர் சைகை மாறும்போது எதைக் கற்பிப்பது என்ற பழைய சாக்குக்கு அதுவே போதுமான பதில். நாகர்கோவில் தமிழும் சென்னைத் தமிழும் வேறுபடுவதால் தமிழுக்குப் பாடநூல் போட முடியாது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஆய்வு வெளிவந்தும் இருபது ஆண்டுகள் பெரிதாக எதுவும் அசையவில்லை. 2001-இல் கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா ஓர் இந்திய சைகை மொழி அகராதியை அச்சிட்டது. ஏறக்குறைய அதே சமயம் மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய காதுகேளாதோர் நிறுவனத்தில் சைகை மொழிப் பிரிவு தொடங்கி, படிநிலைப் பாடங்கள் உருவாயின. தொடக்கம் என்ற அளவில் நல்லதுதான். ஆனால் அந்த நிறுவனத்தின் முதன்மைப் பணி செவித்திறன் பரிசோதனை, கேட்புக் கருவி, பேச்சுப் பயிற்சி. சைகை அங்கே விருந்தாளியாகத்தான் இருந்தது.

காதுகேளாதோர் அமைப்புகள் இந்த நேரத்தில் கேட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மருத்துவமனைக்கு இத்தனை பேர், நீதிமன்றத்துக்கு இத்தனை பேர் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. தங்கள் மொழிக்கென ஆராய்ச்சியும் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் தனி நிறுவனத்தைக் கேட்டார்கள். 11-ஆம் ஐந்தாண்டுத் திட்டம் அதன் தேவையை ஏற்றது. 2010-11 பட்ஜெட் உரையில் அறிவிப்பு வந்தது. 2011-இல் டெல்லி இக்னோ பல்கலைக்கழகத்தில் மையம் தொடங்கியது. அதே ஆண்டு, பொது இடங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் போதவில்லை என்று தேசிய காதுகேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில், தேவையையும் இருப்பையும் கணக்கெடுத்துப் பணியிடங்களை உருவாக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. இரண்டே ஆண்டில் இக்னோ மையம் மூடப்பட்டது. 2015 ஏப்ரல் 20-இல் வந்த ஆணையோ, மையத்தை அலி யாவர் ஜங் நிறுவனத்தின் டெல்லிக் கிளையோடு இணைப்பதாகச் சொன்னது. நிர்வாகக் கண்ணோட்டத்தில் சிக்கனமான முடிவு: கட்டடம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், பணம் மிச்சம். காதுகேளாதோர் வீதிக்கு வந்தார்கள், அமைச்சர்களைச் சந்தித்தார்கள். காதைச் சரிசெய்யப் பார்க்கும் நிறுவனமும் மொழியை வளர்க்கப் பார்க்கும் நிறுவனமும் ஒன்றாக முடியாது என்பதே அவர்கள் வாதம். செப்டம்பர் 22-இல் மத்திய அமைச்சரவை தனி நிறுவனத்துக்கு ஒப்புதல் அளித்தது. அந்த இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டு, 2021-இல் அதை 10,000 ஆக்கியது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு டிப்ளமோ நடத்துகிறது. அதைவிட முக்கியமாக, சைகை மொழி கற்பிக்கக் காதுகேளாதோரையே ஆசிரியர்களாக்க இன்னொரு டிப்ளமோ நடத்துகிறது. மொழி, ஆசிரியர், பிறகு மொழிபெயர்ப்பாளர் என்ற வரிசை அங்கேதான் ஒழுங்கானது.

இது மெதுவான வழி, இன்று நோயோடு வந்து நிற்பவருக்கு என்ன பதில் என்று கேட்பது நியாயமே. அதற்காகத் தகுதியைத் தளர்த்தி எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் உலகமே பார்த்தது. நெல்சன் மண்டேலா நினைவுக் கூட்டத்தில் உலகத் தலைவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் மணிக்கணக்கில் கையை அசைத்தார். காது கேட்பவர்களுக்கு அது சைகை மொழியாகத் தெரிந்தது. தென்னாப்பிரிக்கக் காதுகேளாதோர் அந்தக் கைகளில் ஒரு பொருளும் இல்லை என்று உடனே சொன்னார்கள். மொழி தெரியாதவர்கள் ஆள் எடுத்தால் இதுதான் நடக்கும். கைப்பேசி இருக்கிறதே, எழுதிக் காட்டலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வகுப்பில் புரியாத வாயசைவைப் பார்த்தே வளர்ந்த தலைமுறைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி; பலருக்கு அதுவும் அரைகுறை. அறுவை சிகிச்சையில் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி போதுமே என்ற வாதம் இன்னும் கனமானது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை இலவசம். பயன்பெற்ற குடும்பங்களின் மகிழ்ச்சியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது உரிய வயதுக்குள் வருகிற குழந்தைக்கான வழி. இன்று நாற்பது வயதில் இருப்பவருக்கு அது வழியில்லை.

சட்டங்கள் இப்போது குறைவில்லை. சாட்சியச் சட்டத்தில் 2013-இல் வந்த திருத்தம், பேச இயலாத சாட்சியிடம் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு வாக்குமூலம் பெற்று வீடியோவில் பதிய வேண்டும் என்றது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தொடர்பு முறைகளில் ஒன்றாக ஏற்கிறது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காதுகேளாத வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் முன்னிலையானார். சட்டம் ஆளை வரவழைக்கும் என்பதை மன்சியின் கதை காட்டுகிறது, நிரந்தர வேலையும் ஊதியமும் கூடவே வந்தால். ஒரு நாள் அழைத்து ஒரு நாள் கூலி கொடுக்கும் ஏற்பாட்டை நம்பி எந்த இளைஞரும் இரண்டு ஆண்டு படிக்க மாட்டார். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கவும், மற்ற நாட்களில் அரசு மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போகவும் மாவட்டத்துக்கு இருவர் என்றால் 76 நிரந்தரப் பணியிடங்கள். ஒரு மாநில அரசுக்கு இது பெரிய செலவே அல்ல. இதைக் கேட்டு மனு எழுதுகிறவர்கள், ஆள் தேர்வுக் குழுவில் காதுகேளாதவர்கள் இருக்க வேண்டும் என்ற வரியையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.