ஓட்டைக் காலணா

செம்பரம்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஓரகடத்தில் பிரஸ் ஷாப்பில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் ஓட்டைக் காலணா ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, "சார், பல லட்சம் போகுமாம், பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டலாமா?" என்றார். ஒரு பைசா கட்டாதே தம்பி என்று சொல்லிவிட்டேன். இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. கோடிக்கணக்கில் அடித்த காசு அது, அபூர்வமல்ல.

1942 வரை காலணா முழு வட்டம். வெண்கலம், 4.86 கிராம். உலகப்போரில் செம்பு தோட்டாவுக்குப் போனது. ஜனங்களோ காகிதத்தை நம்பாமல் காசைப் பதுக்கினார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்த்தால் குற்றம் என்று 1940-இலேயே உத்தரவு. அதே ஆண்டு ரூபாயில் வெள்ளி ஏறக்குறைய பாதியானது. கத்தியவார் சமஸ்தானங்கள் சிலவற்றில் சில்லறைக்குப் பதில் அட்டைக் கூப்பன்!

1943-இல் வந்தது ஓட்டைக் காலணா, சுமார் 2 கிராம். பிரஸ் ஷாப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, துளையிலிருந்து விழும் வில்லை மறுபடி உருக்கப் போகும். ஒரு கிலோ உலோகத்தில் முன்பு சுமார் 205 காசு, இப்போது 500. மதிப்பு மட்டும் மாறவில்லை, 64 காசுக்கு ஒரு ரூபாய்தான். ஆறாம் ஜார்ஜ் தலைக்கு இடமில்லாமல் வெறும் கிரீடம் வைத்தார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்!

இது புதிதல்ல. ஹானிபால் போர் (கி.மு. 218–201) தொடங்கும்போது ரோமின் 'ஆஸ்' என்ற வெண்கலக் காசு கால் கிலோவுக்கு மேல். கி.மு. 211 வாக்கில் 54 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஹானிபால் பக்கம் சேர்ந்த தென் இத்தாலியப் புருட்டியர் போர்த் தெய்வம் ஏரிஸ் தலை போட்டுத் தனி வெண்கலக் காசு அடித்தார்கள். அதுவும் போர் நீள நீள எடை குறைந்தது. எதிரெதிர் அணி, ஒரே தட்டுப்பாடு.

நம் வீடுகளில் ஓட்டைக் காலணா குழந்தையின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது, போல்ட்டுக்கு வாஷராகவும் ஆனது. 1947 வரை அடித்தார்கள். பம்பாய், கல்கத்தா மட்டுமல்ல, லாகூரிலும், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் கூட.

பாட்டி பெட்டியில் இருந்தால் என்ன ஆண்டு என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், பழைய நிறம் போய்விடும்.