சீனிக்குப் பதிலாக மாற்று இனிப்பு: எதை எங்கே பாவிப்பது?

நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் ஒருவராவது இல்லாத குடும்பம் இன்று நம் மத்தியில் குறைவு. பெருநாள் மேசைகளில் "சீனி இல்லாத" கேக்கும் பிஸ்கட்டும் இடம்பிடித்திருப்பதற்குக் காரணமும் இதுதான். மாற்று இனிப்புகளை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அவை சீனியின் ஒரு வேலையை, அதாவது இனிப்பூட்டும் வேலையை மட்டுமே செய்கின்றன. கேக்கில் உள்ள மாவையும் பட்டரையும் அவை இல்லாமலாக்குவதில்லை. இதை விளங்காமல் பாவித்தால் நன்மையை விடத் தீமையே அதிகம் என்பது எனது கருத்து.

இரண்டு வகைகள்

ஒரு கிராம் சீனியில் 4 கலோரி உண்டு. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம் என்றால் 20 கலோரி. மாற்று இனிப்புகளில் முதல் வகை, சிட்டிகை அளவிலேயே இனிப்பவை. ஸ்டீவியா இலையின் சாறு சீனியை விட 200 முதல் 300 மடங்கும், அஸ்பார்டேம் சுமார் 200 மடங்கும், சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கும் இனிப்பானவை.

இரண்டாவது வகை "சுகர் அல்கஹோல்" எனப்படுபவை. எரித்ரிடோல் சீனியின் இனிப்பில் ஏறத்தாழ 70 வீதம் கொண்டது, கிராமுக்கு 0.2 கலோரி மட்டுமே. மோல்டிடோலில் கிராமுக்கு 2.1 கலோரி உண்டு. அது இரத்தத்தில் சீனியையும் ஓரளவு உயர்த்தும். "சீனி இல்லை" என்று எழுதப்பட்ட பல சொக்லட்டுகளில் இருப்பது இதுவே.

பெயரைப் பார்த்துச் சிலர் இது ஹலாலா என்று தயங்குகிறார்கள். இங்கு "அல்கஹோல்" என்பது இரசாயனவியலில் ஒரு சேர்ம வகைக்கு வழங்கும் பெயர். போதை தரும் மதுசாரம் வேறு, இது வேறு. ஆனாலும் ஒரு பண்டத்தில் சேர்ந்துள்ள ஏனைய பொருட்களைப் பார்த்து வாங்குவது நமது கடமை.

சமையலறையில்

பட்டர் கேக்கில் சீனி இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. பட்டருடன் அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைக்கிறது, ஈரத்தைத் தக்கவைக்கிறது, மேற்புறத்தைப் பொன்னிறமாக்குகிறது. சீனியை முழுவதுமாக எடுத்துவிட்டு ஸ்டீவியாத் துளிகளை விட்டால் கேக் தட்டையாகவும் வரட்சியாகவும்தான் வரும். ஆகவே முதலில் சீனியில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலான கேக்குகள் அதைத் தாங்கும். எரித்ரிடோல் சேர்ப்பதானால் மாவு போல் அரைத்துச் சேர்க்க வேண்டும். இல்லையேல் ஆறிய பின் பல்லில் நறநறக்கும். நிறமும் குறைவாகவே வரும் என்பதால் நிறத்தைப் பார்த்து இறக்காமல் ஈர்க்குக் குத்திப் பார்த்து இறக்குங்கள்.

அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். சுக்ரலோஸை 120 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் தெரிவித்தது. எனவே இவை இரண்டும் அவனுக்கு உகந்தவையல்ல. ஆறிய பின் சேர்க்கும் பண்டங்களுக்கு ஏற்றவை.

வட்டிலப்பம் ஆவியில் வேகுவது. அதைப் பிடித்துவைப்பது முட்டை. ஆகவே மாற்று இனிப்புக்கு அது நன்றாக ஒத்துழைக்கும். மணத்துக்கும் நிறத்துக்கும் பாதியளவு கருப்பட்டியை வைத்துக்கொண்டு மீதி இனிப்பை ஸ்டீவியாவால் ஈடுசெய்யலாம். ஆனால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு அப்படியேதான் இருக்கும். கித்துள் கருப்பட்டியும் தேனும் "இயற்கை" என்பதால் நீரிழிவுக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று எண்ணுவதும் தவறு. அவையும் இரத்தத்தில் சீனியை உயர்த்துபவையே.

இன்னொன்று, பக்கற்றில் வரும் இனிப்புத் தூள்களில் பெரும்பகுதி குளுக்கோஸ் வகையான டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மோல்டோடெக்ஸ்ட்ரின் ஆக இருப்பதுண்டு. ஒரு கோப்பைத் தேநீரில் அது பெரிய விடயமல்ல. கேக்குக்குக் கப் கணக்கில் கொட்டும்போது கணக்கு மாறிவிடும்.

உடலுக்கு

உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்றவற்றைப் பாவிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது. அவர்கள் வைத்தியரின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். சுகர் அல்கஹோல் வகையைப் பற்றியும் அது பேசவில்லை. ஆனால் அவ்வகையை அதிகம் உட்கொண்டால் வயிறு ஊதும், சிலருக்கு வயிற்றோட்டமும் ஏற்படும். எரித்ரிடோல் இரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் ஏற்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. எரித்ரிடோல்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. எனினும் இதய நோயாளிகள் தினமும் அள்ளிப் போடாமல் இருப்பதே நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. இன்சுலின் அல்லது சில மாத்திரைகள் எடுப்பவருக்கு, குறிப்பாக ரமழானில், இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி நடுக்கமும் வியர்வையும் ஏற்பட்டால் மாற்று இனிப்பு கலந்த தேநீர் அவரைக் காப்பாற்றாது. அந்நேரம் நோன்பை விட்டுவிட்டு உண்மையான சீனி அல்லது குளுக்கோஸ் ஏறத்தாழ 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அவர் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சீனியே இல்லாத வீடாக மாறினாலும் இதற்காகச் சிறிதளவு வைத்திருங்கள்.

அமானிதம்

வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். "டயபடிக் கேக்" என்று மட்டும் எழுதாமல், எந்த இனிப்பை எவ்வளவு சேர்த்தீர்கள், மாவு எது என்பதையும் எழுதுங்கள். வாங்குபவர் உங்களுடைய சொல்லை நம்பியே சாப்பிடுகிறார். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். வாங்குபவர்களும் கேட்டறியத் தயங்கக் கூடாது. மாற்று இனிப்பு ஓர் ஊன்றுகோல் மட்டுமே. தேநீரில் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வந்தால் நாவும் பழகிவிடும். குறைந்த இனிப்பே போதும் என்ற பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் இன்றே ஏற்படுத்தினால், நாளை அவர்களுக்கு இந்த ஊன்றுகோல் தேவைப்படாது, இன்ஷா அல்லாஹ்.