செவ்வியல் நடனத்தைத் தொழிலாகத் தேர்ந்தெடுப்போர் அறிய வேண்டியவை: பயிற்சி முதல் ஓய்வூதியம் வரை

புதுடெல்லி: பரதநாட்டியத்தில் அரங்கேற்றம், ஒடிசியில் மஞ்சப் பிரவேசம் என ஒவ்வொரு செவ்வியல் நடனத்திலும் மாணவர் முதன்முறையாக மேடையேறும் நாள் பெரிய விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அதன் பின்னர் நடனத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு, அந்த நாள் தொடக்கம் மட்டுமே. மேடை நிகழ்ச்சிகளின் வருவாயை மட்டும் நம்பி வாழும் கலைஞர்கள் மிகச் சிலர். கற்பித்தல், நடன அமைப்பு, அரசு நிதியுதவி, வெளிநாட்டு நிகழ்ச்சிகள் எனப் பல வழிகளில் வரும் வருவாயே ஒரு நடனக் கலைஞரின் குடும்பத்தை நடத்துகிறது. இவ்வழிகளில் பலவற்றுக்கு வயது வரம்பு உண்டு. உரிய வயதில் விண்ணப்பிக்கத் தவறினால், திறமை இருந்தும் அந்த வாய்ப்பு திரும்பக் கிடைப்பதில்லை.

எட்டு நடனங்கள்

பரதநாட்டியம், கதக், கதகளி, குச்சிப்புடி, ஒடிசி, மணிப்புரி, மோகினியாட்டம், சத்ரியா ஆகிய எட்டு நடனங்களைச் சங்கீத நாடக அகாடமி செவ்வியல் நடனங்களாக ஏற்றுள்ளது. இவற்றுள் அசாமின் சத்ரியா 2000-ஆம் ஆண்டில் கடைசியாகச் சேர்க்கப்பட்டது. மத்திய கலாசார அமைச்சகம் தனது திட்டங்களில் சாவ் நடனத்தையும் இவற்றுடன் சேர்த்துக்கொள்கிறது.

எங்கு பயிலலாம்?

தனி ஆசிரியரிடம் குருகுல முறையில் பயில்வதே இன்றும் பெரும்பாலானோரின் வழி. அத்துடன் பட்டமோ பட்டயமோ பெற்றிருப்பது பிற்காலத்தில் ஆசிரியர் பணிக்கு உதவும். 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய சென்னை கலாக்ஷேத்ரா, 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகும். டெல்லியின் கதக் கேந்திராவும் இம்பாலின் ஜவஹர்லால் நேரு மணிப்பூர் நடன அகாடமியும் சங்கீத நாடக அகாடமியின் கீழ் இயங்குகின்றன. ஒடிசி பயில்வோர் புவனேஸ்வரத்தின் உத்கல் சங்கீத மகாவித்யாலயாவை நாடுகின்றனர். சத்தீஸ்கரின் கைராகரில் 1956-இல் நிறுவப்பட்ட இந்திரா கலை சங்கீதப் பல்கலைக்கழகம், கலைகளுக்கெனவே அமைந்த பல்கலைக்கழகம்.

கவிஞர் வள்ளத்தோள் 1930-இல் தோற்றுவித்த கேரள கலாமண்டலம், தற்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உள்ளது. ஆண்களுக்கே உரியதாக இருந்த அதன் கதகளிப் பிரிவில் 2021 முதல் மாணவிகள் சேர்க்கப்படுகின்றனர். மோகினியாட்டப் பிரிவை மாணவர்களுக்கும் திறந்துவிட 2024-இல் முடிவெடுக்கப்பட்டது.

வயதுவாரியாக உதவித்தொகை

கலாசார வளம் மற்றும் பயிற்சி மையம் வழங்கும் கலாசாரத் திறன் தேடல் உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குட்பட்ட பள்ளி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். தொகை சிறிதே எனினும், இளம் வயதிலேயே தேசிய அளவில் தேர்வு பெற்றதற்கான சான்றாக அது அமைகிறது.

18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை உண்டு. இதற்குக் குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஆகவே பயிற்சி தொடங்கிய நாள் முதலான சான்றுகளைப் பாதுகாப்பது அவசியம்.

25 முதல் 40 வயது வரையிலானோருக்கு மாதம் 10,000 ரூபாயும், 40 வயதைக் கடந்தோருக்கு 20,000 ரூபாயும் வழங்கும் ஆய்வு நிதியுதவிகள் உள்ளன. இவையும் இரண்டு ஆண்டுகளுக்கானவை. ஆய்வுத் திட்டம் ஒன்றை முன்வைத்தே பெற முடியும். 40 வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்காக 2006-இல் ஏற்படுத்தப்பட்ட உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் விருதின் தொகை 25,000 ரூபாய்.

தரச்சான்றும் மேடையும்

தூர்தர்ஷன் நிலையங்கள் நடத்தும் தேர்வில் பெறும் தரம், நடனக் கலைஞருக்கு அடிப்படைத் தகுதியாகக் கருதப்படுகிறது. வெளிநாடுகளுக்குக் கலைக்குழுக்களை அனுப்பும் இந்திய கலாசார உறவுகள் மன்றம், தனது பட்டியலில் கலைஞர்களை வளரும் நிலை, நிலைபெற்ற நிலை, மிகச்சிறந்த நிலை என வகைப்படுத்துகிறது.

கஜுராஹோ, கோனார்க், மாமல்லபுரம் நடன விழாக்களும், ஜனவரியில் சென்னை மியூசிக் அகாடமி நடத்தும் நடன விழாவும் நாடறிந்த மேடைகள். இவற்றை எட்டுவதற்கு முன் சிறு சபாக்களில் குறைந்த சன்மானத்துக்கோ சன்மானமின்றியோ ஆடும் காலம் ஒன்று உண்டு. பரதநாட்டியக் கச்சேரிக்கு நட்டுவனார், பாடகர், மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் கலைஞர்கள் தேவை. அவர்களுக்கான ஊதியம், ஒத்திகை, ஒப்பனை, போக்குவரத்து ஆகிய செலவுகள் பெரும்பாலும் நடனக் கலைஞரையே சேர்கின்றன. சன்மானம் இச்செலவை ஈடுகட்டாத நிகழ்ச்சிகள் ஏராளம். குடும்பப் பின்புலமோ வேறு வருவாயோ இல்லாத இளைஞர்கள் பலர் இக்கட்டத்திலேயே மேடையை விட்டு விலகுகின்றனர்.

வரி தொடர்பாகவும் ஒரு சலுகை உள்ளது. செவ்வியல் இசை, நடனம், நாடகம் ஆகியவற்றில் ஒரு நிகழ்ச்சிக்கான சன்மானம் 1.5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிடில் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. விளம்பரத் தூதராகப் பெறும் தொகைக்கு இவ்விலக்கு பொருந்தாது.

கற்பித்தலே நிலையான வருவாய்

மாதந்தோறும் உறுதியாக வருவது பெரும்பாலும் கற்பித்தல் வருவாயே. வீட்டில் நடத்தும் வகுப்பு, பள்ளி ஆசிரியர் பணி, வெளிநாடுவாழ் மாணவர்களுக்கான இணையவழி வகுப்பு என இது பலவகைப்படும். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டமும், யுஜிசி நெட் தேர்ச்சியும் பொதுவான தகுதிகள்.

இசை, நடனத் துறைகளுக்கு யுஜிசி 2018 விதிமுறைகள் மற்றொரு வழியையும் திறந்துள்ளன. புகழ்பெற்ற குருவிடம் பயின்று, வானொலி அல்லது தூர்தர்ஷனில் ‘ஏ’ தரம் பெற்ற, குறிப்பிடத்தக்க சாதனையுடைய கலைஞர் இளங்கலைப் பட்டத்துடனேயே விண்ணப்பிக்கலாம். கோட்பாட்டை விளக்கிக் கற்பிக்கும் ஆற்றலும் அவருக்கு இருக்க வேண்டும். மேடைக்காகப் பெறும் தரச்சான்று இவ்வாறு ஆசிரியர் பணிக்கும் பயன்படுகிறது. நடனத்துக்காகக் கல்லூரிப் படிப்பை இடையில் கைவிடுவோர் இவ்விரண்டு வழிகளையும் இழக்க நேரிடும்.

உடலே மூலதனம்

வெறுங்காலால் கடினமான தரையில் நீண்ட நேரம் ஆடுவதால் முழங்கால், கணுக்கால், கீழ்முதுகு ஆகியவை அதிகம் பாதிக்கப்படுகின்றன. சிமென்ட் தரையைவிட அதிர்வைத் தாங்கும் மரத்தளம் பாதுகாப்பானது. ஆட்டத்துக்கு முன் உடலைத் தயார்ப்படுத்துவதும், தொடர்ந்து நீடிக்கும் வலிக்கு இயன்முறை மருத்துவரை நாடுவதும் தொழிலை நீட்டிக்கும். நிகழ்ச்சிகளை நம்பி வாழ்பவருக்குக் காயம்பட்ட மாதங்களில் ஊதியம் இல்லை என்பதால், மருத்துவக் காப்பீடு இன்றியமையாதது.

முதுமைக்கால ஏற்பாடு

60 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த கலைஞர்களுக்கு மத்திய அரசு மாதம் அதிகபட்சம் 6,000 ரூபாய் நிதியுதவி வழங்குகிறது. இதற்கும் கலைப்பணிக்கான சான்றுகள் தேவை. விருதுகள் மட்டும் முதுமையைக் காப்பதில்லை. ஒடிசி குரு மாயாதர் ராவுத் 2010-இல் பத்மஸ்ரீ பெற்றவர். டெல்லி ஆசியாட் கிராமத்தில் அரசு ஒதுக்கியிருந்த வீட்டிலிருந்து, தொண்ணூறு வயதை ஒட்டிய நிலையில், 2022 ஏப்ரலில் அவர் வெளியேற்றப்பட்டார்.

நிகழ்ச்சி அழைப்பிதழ்கள், பத்திரிகை விமர்சனங்கள், ஒளிப்பதிவுகள், சன்மான ரசீதுகள் ஆகியவற்றை முதல் மேடையிலிருந்தே ஆண்டுவாரியாகத் தொகுத்து வைப்பது நலம். உதவித்தொகை, தரத்தேர்வு, ஆசிரியர் பணி, ஓய்வுக்கால உதவி என ஒவ்வொரு கட்டத்திலும் அவையே சான்றாகக் கேட்கப்படுகின்றன. வயது வரம்பும் தொகையும் மாற்றத்துக்கு உட்பட்டவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.