கம்பி சென்ற வழியும் காணி இல்லாதவரும்



நம் நாட்டு மின்சார வரலாற்றை 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் அங்கே மின்பொறி அமைத்து நீரிறைத்தனர். ஒரு தமிழரின் பெயர் அதில் இருப்பதை மாணவர்களுக்குப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த மின்சாரம் பிறந்த இடத்திலேயே செலவாயிற்று. 1930இல் பேராக் ஆற்றில் செண்டெரோ அணை எழுந்து, மின்சாரம் தொலைவிலுள்ள ஈய வயல்களுக்குச் செல்லலாயிற்று. அவ்வாறு செல்லும் கம்பி பிறர் நிலத்தைக் கடந்தே ஆகவேண்டும்.

வட கெடாவில் வாழும் நமக்கு இதற்குச் சான்று அருகிலேயே உண்டு. தாய்லாந்தின் கிளோங் ஙேயையும் நம் குருணையும் இணைக்கும் 300 கிலோவோல்ட் நேர்மின் தடம் 2002இல் இயங்கத் தொடங்கியது. 110 கிலோமீட்டரில் 86 கிலோமீட்டர் நம் மண்ணில் உள்ளது.

இத்தகைய தடத்துக்கு நிலம் முழுவதையும் அரசு எடுத்துக்கொள்வதில்லை. 1990ஆம் ஆண்டு மின் வழங்கல் சட்டத்தின்படி, அறிவிப்புக் கொடுத்துவிட்டு நிலத்தின் மேல் கம்பி கொண்டு செல்லலாம். ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு தரவேண்டும். தொகையில் இணக்கம் இல்லையெனில் மாவட்ட நில நிர்வாகி விசாரித்து முடிவு செய்வார். கெரான் என்னும் நிலப்பட்டா உரியவரிடமே இருக்கும். ஆயினும் ரெந்திஸ் எனப்படும் அந்தப் பாதையில் அவர் வீடு கட்டலாகாது, உயரமான மரம் வளர்க்கலாகாது. நெல் வயலுக்கு இதனால் பெருங்கேடில்லை. கம்பியின் கீழும் நாற்று நடலாம். ரப்பர் தோட்டத்திலோ மரங்களை வரிசையாக வெட்டியாக வேண்டும்.

வெட்டுண்ட மரத்துக்கான இழப்பீடு மரத்துக்கு உரிய நிறுவனத்தைச் சேரும். அம்மரத்தில் நாள்தோறும் பால் வெட்டியவருக்கு நிரை குறைந்தது, அவ்வளவே. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போயிற்று. காடழித்துத் தோட்டம் ஆக்கிய தலைமுறையின் பெயர் நில அலுவலகப் பதிவேட்டில் ஒரு வரியிலும் இல்லை. அறிவிப்பு எவர் பெயருக்கு வரும்?

கொங்கு நாட்டு உழவர்களின் நிலை வேறு. 1932இல் தொடங்கிய பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் அதனால் பெருகின. அதே மண்ணில், ராய்கர் முதல் புகளூர் வரையிலான 800 கிலோவோல்ட் தடத்துக்கு எதிராக 2018இல் உழவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். இந்தியாவில் இத்தகைய பணிக்குத் துணையாக நின்றது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம்! கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிப் பாதைக்கு 15 விழுக்காடு வரையும் தரலாம் என்று நடுவண் அரசு 2015இல் வழிகாட்டியது. 2024இல் அதை உயர்த்தியது. அந்தத் தடம் நிற்கவில்லை. ஆனால் பட்டா கையில் இருந்ததால் அவர்கள் பேச முடிந்தது, பேச்சுக்கு ஒரு விலையும் இருந்தது.

நம் சட்ட நூலில் மின் வழங்கல் சட்டத்தின் எண் 447. அதற்கு முந்திய 446, அதே 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம். தோட்டத்துக் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய் நீரும் மின்சாரமும் வேண்டும் என்று அது விதித்தது. அதுவரை எத்தனையோ லயங்களில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடியது; பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தனர். கம்பி மேலே செல்லும் நிலத்துக்காக 447 உரிமையாளரிடம் பேசியது. அதன் கீழ் வாழ்ந்தவருக்காக 446 முதலாளியிடம் பேசியது. இரண்டும் தொழிலாளியை நிலத்துக்கு உரியவராகக் கொள்ளவில்லை.

இது பழங்கதை அன்று. நம் தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதற்குக் காரணம், கட்டடம் நிற்கும் நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருப்பதே. உங்கள் பள்ளி நிற்கும் நிலத்தின் கெரானில் எவர் பெயர் உள்ளது என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.