விளம்பரத்தின் வாயடைத்த விளக்கு

1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில், பேஸ்பால் ஆட்டத்திற்குச் சற்றுமுன், புலோவா கடிகாரம் ஒன்று சில விநாடிகள் திரையில் தோன்றிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சி கட்டணம் பெற்று ஒளிபரப்பிய முதல் விளம்பரம் அது. செலவு 9 டாலர்.

அதன் வாயடைக்கும் முயற்சியும் விரைவில் பிறந்தது. 1955இல் ஜெனித் நிறுவனப் பொறியாளர் யூஜின் பாலி கைவிளக்குப் போன்றதொரு கருவியைச் செய்தார். அதன் ஒளி பெட்டியின் ஒரு மூலையில் பட்டால் விளம்பர ஓசை அடங்கும். (வெயில் பட்டாலும் பெட்டி தானே இயங்கியதை எண்ணி நாம் நகைக்கலாம்.)

இணையத்தோடு பிணைந்த இக்காலப் பெட்டியோ நம்மையே நோக்குகிறது. 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளில் மக்கள் கண்டவற்றை இசைவின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், விசியோ நிறுவனம் 2017இல் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்பியது.

இணைய வசதியற்ற புதுப்பெட்டி இன்று அரிது. கணினித் திரையோடு செட்டாப் பெட்டியை இணைத்துக்கொள்வோர் உளர். அதனினும் எளியது, வாங்கிய பெட்டிக்கு வீட்டு இணையத்தின் கடவுச்சொல்லைக் கொடாமல், ஆன்டெனாவை மட்டும் பொருத்துவது.