வாசிப்பவரின் சுமை: மென்பொருள் திருத்தம் அனுப்பும் முறையின் வரலாறு

திறமூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமம் தரும் மென்பொருள். அத்தகைய திட்டத்துக்கு முன்பின் அறியாத ஒருவர் தம் திருத்தத்தை அனுப்புவதும், பொறுப்பாளர்கள் அதை ஆராய்ந்து ஏற்பதும் இன்று உலகெங்கும் நாள்தோறும் நடக்கின்றன. இதற்கென வகுக்கப்பட்ட நடைமுறைகள் புதியவர்களுக்குக் காரணமற்ற கெடுபிடிகளாகத் தோன்றுவதுண்டு. ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அவை உருவான விதத்தைத் தொடர்ந்து பார்த்தால், பெரும்பாலானவை ஒரே தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தவை என்பது புலப்படும். நிரல் எழுத முன்வருவோர் பெருகிக்கொண்டே இருக்க, எழுதியதை வரிவரியாகப் படித்துப் பொறுப்பேற்பவர்கள் எப்போதும் சிலராகவே இருந்தனர். அந்தச் சிலரின் உழைப்பைக் காக்கவே இம்முறை வளர்ந்தது.

இதன் தொடக்கம் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வகத்தில் அமைகிறது. அங்கு உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பு 1974இல் வெளிவந்தபோது, டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய ‘டிஃப்’ என்னும் சிறு கருவி அதில் இடம்பெற்றிருந்தது. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, முதலாவதை இரண்டாவதாக மாற்ற எந்த வரிகளை நீக்க வேண்டும், எவற்றைச் சேர்க்க வேண்டும் என்று சுருங்கச் சொல்வதே அதன் பணி. அதன் அடிப்படையான கணிப்புமுறையை அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டனர். பல்லாயிரம் வரிகள் கொண்ட நிரலில் பத்து வரிகளே மாறியிருந்தால், அந்தப் பத்தை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லும் வசதி இக்கருவியால் கிடைத்தது.

எனினும் தொடக்க கால டிஃப், மாற வேண்டிய இடத்தை வரி எண்ணால் மட்டுமே குறித்தது; பெறுபவரின் பிரதியில் இடையில் இரண்டு வரிகள் கூடியிருந்தாலும் திருத்தம் தவறான இடத்தில் போய் விழுந்துவிடும். இக்குறையைப் போக்க, மாறும் வரிகளுக்கு மேலும் கீழும் உள்ள மாறாத சில வரிகளையும் சேர்த்துக் காட்டும் வடிவம் 1980களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் அறிமுகமாயிற்று. பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், 1985இல் ‘பேட்ச்’ என்னும் கருவியை வெளியிட்டார். டிஃப் எழுதித் தந்த மாற்றப் பட்டியலை வாங்கி, பெறுபவரின் கோப்பில் தானாகவே பொருத்துவது அதன் வேலை. வரி எண் பிசகியிருந்தாலும் சூழ்ந்துள்ள வரிகளைத் துணையாகக் கொண்டு அது உரிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க இயலாத பகுதிகளை மறைக்காமல் தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்தது. அக்கருவியின் பெயரே, அனுப்பப்படும் திருத்தத்துக்கும் வழக்கில் நிலைத்துவிட்டது.

1990இல் வேய்ன் டேவிசன் வகுத்த ஒருங்கிணைந்த டிஃப் வடிவமே இன்றளவும் பயன்படுகிறது. அதில் ஒவ்வொரு பகுதியின் தலையிலும், பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் அது எந்த வரியில் தொடங்குகிறது என்ற குறிப்பு இருக்கும். கழித்தல் குறியுடன் தொடங்கும் வரி நீக்கப்பட்டது, கூட்டல் குறியுடன் தொடங்கும் வரி சேர்க்கப்பட்டது, வெற்றிடத்துடன் தொடங்குவது மாறாதது. வழக்கமாக மாற்றத்துக்கு மேலே மூன்றும் கீழே மூன்றுமாக மாறாத வரிகள் நிற்கும். மனிதக் கண் படிக்கவும் கணினி பிசகின்றிப் பொருத்தவும் ஒரே எழுத்து வடிவம் போதும் என்ற நிலை இதனால் ஏற்பட்டது.

இவ்வடிவத்தின் வலிமையும் எல்லையும் தெளிவாக வெளிப்பட்ட களம் லினக்ஸ் கெர்னல், அதாவது கணினியின் வன்பொருளுக்கும் பிற நிரல்களுக்கும் இடையில் நின்று இயங்கும் மையப் பகுதி. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட இதன் முதல் பதிப்பு ஏறத்தாழ பத்தாயிரம் வரிகளே கொண்டது. இன்று அது மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. முதல் பத்தாண்டுக்கும் மேலாக எல்லாத் திருத்தங்களும் மின்னஞ்சலில் வர, அவற்றை அவரே படித்துப் பொருத்தி வந்தார். 1998 அளவில் வரத்து ஒருவரின் வாசிப்பாற்றலை மீறியதால், நல்ல திருத்தங்கள் பதிலின்றிக் காணாமற்போவதாகப் பங்களிப்பாளர்கள் வெளிப்படையாகக் குறைகூறினர். வலைத்தொடர்பு, கோப்பு முறைமை போன்ற ஒவ்வொரு துணைப் பகுதிக்கும் மெயின்டெய்னர் எனப்படும் பொறுப்பாளர் இருந்து, தம் பகுதிக்கு வருவதை முதலில் படித்து, தேறியதை மட்டும் மேலே அனுப்பும் அடுக்குமுறை இந்நெருக்கடியின் ஊடே உறுதிப்பட்டது.

ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் வரலாற்றோடு சேமித்து வைக்கும் பதிப்பு மேலாண்மைக் கருவியாக, பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளை லினக்ஸ் குழு 2002இல் ஏற்றது. அதன் இலவசப் பயன்பாட்டு உரிமை 2005இல் திரும்பப் பெறப்பட்டபோது, டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் ‘கிட்’ என்னும் கருவியைத் தாமே எழுதத் தொடங்கினார். சில மாதங்களில் அதன் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் சென்றது. கிட்டில் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் அடங்கிய பிரதி இருக்கும். மாற்றத்தை எழுதியவர் யார், அதைத் திட்டத்தில் சேர்த்தவர் யார் என்ற இரண்டையும் அது தனித்தனியே பதிவதால், எத்தனை கைகள் மாறினாலும் எழுதியவரின் பெயர் அழியாமல் நிற்கிறது.

இதற்குச் சற்று முன்பே, நிரல் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியிருந்தது. யூனிக்ஸ் நிரல் லினக்ஸில் முறையின்றிச் சேர்க்கப்பட்டதாகக் கூறி எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாக 2004இல், பங்களிப்பவர் தாம் அனுப்பும் நிரலை அத்திட்டத்தின் உரிமத்தின்கீழ் வழங்கத் தமக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறும் மூலச் சான்றுரை வகுக்கப்பட்டது. திருத்தத்தின் அடியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுதுவதே அதற்கான ஒப்பம். எழுதியவரைத் தொடர்ந்து, திருத்தத்தைக் கைமாற்றி மேலே அனுப்பும் ஒவ்வொரு பொறுப்பாளரும் தம் ஒப்பத்தைச் சேர்க்கிறார். இந்த ஒப்பங்கள், கைமாறும் சொத்தின் மூலப்பத்திரங்களைப் போல, வந்த வழியை முழுமையாகக் காட்டி நிற்கின்றன.

திருத்தம் எழுதும் நெறியும் இக்காலத்தில் இறுகியது. திருத்தத்துடன் அனுப்பும் விளக்கத்தின் முதல் வரி எந்தத் துணைப் பகுதி, என்ன மாற்றம் என்பதை ஏறத்தாழ எழுபது எழுத்துகளுக்குள் சொல்ல வேண்டும். அடுத்த பத்தி, பயனர் சந்தித்த சிக்கல் என்ன, இத்தீர்வு ஏன் தகும் என்பதை விளக்க வேண்டும். என்ன மாறியது என்பதை டிஃப் தானே காட்டிவிடும்; ஏன் மாறியது என்பதை எழுதியவர் மட்டுமே சொல்ல முடியும். பெரிய மாற்றமெனில் எண்ணிட்ட சிறு திருத்தங்களின் வரிசையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சேர்த்த பிறகும் நிரல் பழுதின்றி இயங்குமாறு அமைக்க வேண்டும். இப்பிரிப்பின் பயன் பின்னாளில் தெரியும்: ஆயிரம் மாற்றங்களுக்குள் எங்கோ ஒரு பிழை நுழைந்திருந்தால், வரலாற்றைப் பாதிபாதியாகப் பிளந்து சோதிக்கும் முறையில் ஏறத்தாழ பத்தே சோதனைகளில் குற்றவாளி வரி அடங்கிய திருத்தம் பிடிபடும்.

2008இல் தொடங்கிய கிட்ஹப் தளம், திட்டத்தின் பிரதியைத் தம் கணக்கில் எடுத்துத் திருத்தி, ‘புல் ரிக்வெஸ்ட்’ எனப்படும் சேர்ப்பு விண்ணப்பத்தை ஒரு பொத்தானில் அனுப்பும் வசதியைப் பரவலாக்கியது. பங்களிக்கும் வாயில் பன்மடங்கு அகன்றது. படிப்பவர்களின் எண்ணிக்கை அதே விகிதத்தில் உயரவில்லை. அவ்விடைவெளியின் ஆபத்து, பல லினக்ஸ் அமைப்புகள் சார்ந்திருக்கும் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க நிரலில் 2024இல் வெளிப்பட்டது. புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கும் மேலாகப் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி, சோர்ந்திருந்த ஒற்றைப் பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, இணைப் பொறுப்பாளராகி, இரகசியக் கதவு ஒன்றை உள்ளே வைத்தார். அதன் பகுதிகள் கண்ணால் படிக்க இயலாத சோதனைக் கோப்புகளிலும், அதை முடுக்கும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லாத வெளியீட்டுத் தொகுப்பிலும் இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்டு என்ற பொறியாளர், விடாது ஆராய்ந்து மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

வாசிக்க முடிந்த இடத்தில் ஒளிய முடியாததால் வாசிக்க இயலாத இடம் தேடி ஒளிந்த அந்தக் கதவு, ஐம்பதாண்டுக் கால நடைமுறையின் மதிப்பையே மெய்ப்பிக்கிறது. சிறியதாகவும் காரணம் சொல்வதாகவும் ஒப்பமிட்டதாகவும் ஒரு திருத்தத்தை அனுப்பும் புதியவர், தம்மை அறியாத வாசகர் ஒருவரின் நேரத்துக்கு மதிப்பளிக்கிறார். பிறர் அனுப்பியதைப் பொறுமையாகப் படித்துக் குறைசொல்பவரும் அதே அளவுக்குப் பங்களிப்பாளரே. லினக்ஸ் மரபு, ஆராய்ந்தவரின் பெயரையும் சோதித்தவரின் பெயரையும் எழுதியவரின் பெயரோடு வரலாற்றில் பொறிப்பது அதனால்தான். திறமூல உலகுக்கு இன்று அவசரமாகத் தேவைப்படுவோர், நிரல் எழுதுவோரைக் காட்டிலும் அதைப் படிக்க முன்வருவோரே.