செசேனா நகரத்து நூற்பண்டாரம்

நூல்களை ஈட்டுதல் செல்வமுடையார்க்கு இயல்வதேயாம். ஈட்டியவன் மாய்ந்த பின்னரும் அவை சிதறாது நிற்குமாறு செய்தல் அவர்க்கும் அரிதாகும். ஐரோப்பாக் கண்டத்திலே பதினைந்தாம் நூற்றாண்டிற் பழைய கிரேக்க இலத்தீன் கல்வி மீண்டும் தழைத்தது. அதனை மறுமலர்ச்சிக் காலம் என்ப. அக்காலத்து அரசரும் செல்வரும் ஒருவரை ஒருவர் விஞ்சுமாறு நூற்பண்டாரங்களை அமைத்தனர். அவற்றுட் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. அங்கேரி வேந்தன் மத்தியாசு கொர்வினசு என்பான் புடா நகரத்துத் தன் அரண்மனையிலே தொகுத்த சுவடிகள், 1526-ஆம் ஆண்டின் போருக்குப் பின்னர்த் துருக்கர் கைப்பட்டுப் பல நாடுகளினும் சிதறின. உர்பினோ நகரத்துக் கோமான் பெதெரிகோ பெரும்பொருள் செலவிட்டு எழுதுவித்தவை 1657-இல் உரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பெற்று, வாத்திக்கன் நூனிலையத்தில் அடங்கின. புளோரன்சு நகரத்திலே மைக்கலாஞ்சலோ வகுத்த நூனிலையத்தின் மேசைகள் இன்றும் உள. அவற்றின்மேற் சங்கிலியாற் பிணிப்புண்டிருந்த நூல்கள் அம்மேசைகளில் இல்லை.

ஆயின், கட்டடமும் மேசையும் சுவடியும் சங்கிலியும் வைத்தது வைத்தபடியே ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் பண்டாரம் ஒன்று உண்டு. அஃது இத்தாலிய நாட்டின் வடகீழ்ப் பகுதியிற் செசேனா என்னும் சிறுநகரில் உள்ளது. அதனை அமைத்தவன் பெரு வேந்தனும் அல்லன். அந்நகரையும் அதனைச் சூழ்ந்த சிறு நிலத்தையும் ஆண்ட குறுநிலத் தலைவனாகிய மலதெஸ்தா நொவெல்லோ என்பவன் அவன். இவன் 1418-இற் பிறந்தவன். இரிமினி நகரை ஆண்ட சிகிஸ்மோந்தோ என்பானுக்குத் தம்பி. தமையன் போரினும் பகையினும் புகழ் தேடினான். தம்பியின் பெயர் நிலைத்தது நூல்களாலேயாம்.

செசேனாவிலிருந்த பிரான்சிஸ்கு துறவியர் தம் மடத்தில் நூலறை ஒன்று கட்டுவதற்கு முன்னரே எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை நொவெல்லோ தன்னதாக ஏற்று, 1447-இல் வேலையைத் தொடங்குவித்தான். பானோ நகரத்து மத்தேயோ நூதி என்னும் சிற்பி 1452-இற் கட்டடத்தை முடித்தான். வாயிற்கதவின் மரச்சிற்பம் 1454-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 15-ஆம் நாள் நிறைவெய்திற்று. அவ்வாயிலின் மேலே யானையுருவம் ஒன்று செதுக்கப்பெற்றுள்ளது. இந்திய நாட்டு யானை கொசுக்களுக்கு அஞ்சுவதில்லை என்னும் கருத்துடைய இலத்தீன் தொடர் அதனோடு உண்டு. யானை மலதெஸ்தாக் குடியினரின் இலச்சினை. கொசுக்கள் என்றது எவரை என்பது அக்குடியின் பகைவர்க்கு நன்கு விளங்கியிருக்கும்.

அவ்வாயிலின் வழியே உட்புகுவார் காண்பது நூலறை என்பதினும் திருக்கோயில் மண்டபம் என்றே தோன்றும். இருவரிசைத் தூண்கள், வரிசைக்குப் பத்தாக, நீண்ட மண்டபத்தை மூன்று பத்திகளாகப் பகுக்கின்றன. நடுப்பத்தி வழியாக விடப்பட்டது. அதன் கோடியிலே வட்டப் பலகணி ஒன்று ஒளி தருகின்றது. இருமருங்கினும் பக்கத்திற்கு 29 ஆக 58 மேசைகள் நிற்கின்றன. இருக்கையும் சாய்பலகையும் ஒருங்கே இணைந்தவை இவை. பலகையின் கீழுள்ள தட்டிற் சுவடிகள் கிடையாக வைக்கப்பெற்றுள. ஒவ்வொன்றன் அட்டையினும் இருப்புச் சங்கிலி கோக்கப்பட்டு, அதன் மறுமுனை மேசையின் இருப்புக் கம்பியிற் பிணிக்கப்பட்டிருக்கின்றது. கற்போன் நூலைத் தன் இருக்கைக்குக் கொண்டுவருதல் இல்லை. நூல் கிடக்குமிடத்திற்கு அவனே சென்று அமர்தல் வேண்டும். சுவர்களிற் சிறு பலகணிகள் நிரையாக உள. மண்டபத்துக்கு ஞாயிற்றின் ஒளியே விளக்கு. தீயினால் நூலுக்கு நேரும் கேட்டை எண்ணின் இதன் அருமை புலப்படும்.

இங்குள்ள கையெழுத்துச் சுவடிகள் 340-க்குச் சற்று மேற்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை நொவெல்லோ எழுத்தாளரை வருவித்து எழுதுவித்தவை. அகுஸ்தீன் முதலிய கிறித்தவ ஆசிரியர் நூல்களும், புளுதார்க்கு எழுதிய பெருமக்கள் வரலாறும், மருத்துவம், வானநூல், இலக்கணம் ஆகியனவும் உள. இலத்தீனே மிகுதி, கிரேக்கமும் எபிரேயமும் சில. இசிதோர் என்பார் இயற்றிய சொற்பொருட்களஞ்சியத்தின் படியொன்று ஒன்பதாம் நூற்றாண்டினது. இரிமினி நகரத்து மருத்துவர் ஜொவன்னி தி மார்க்கோ என்பார் தம் நூல்களையும் இப்பண்டாரத்திற்கே விட்டுச்சென்றார்.

இச்சுவடிகள் தோலில் எழுதப்பட்டவை. ஆடு கன்று முதலியவற்றின் தோலைச் சுண்ணநீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி மெல்லியதாக்குவர். பெருநூல் ஒன்றற்கு விலங்குகள் பல வேண்டும். பனையோலையிற் கலைமகளை வழிபட்ட நம்மவர்க்கு இதனைக் கேட்டலும் உள்ளம் கூசும். அக்கூச்சம் தக்கதே. எனினும் ஓலையினும் தோல் நெடுங்காலம் நிற்கும் என்பது மறுத்தற்கரிய உண்மை.

இப்பண்டாரத்தின் ஊழ் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. இதன் கதவு முற்றுப்பெற்ற அதே 1454-ஆம் ஆண்டளவில், சர்மானிய நாட்டு மைன்சு நகரிலே குத்தன்பர்க்கு அச்செழுத்துக் கோத்து நூல் அச்சிடத் தொடங்கிவிட்டார். கையெழுத்து நூலுக்கென்று முற்றும் வகுத்த மண்டபம் திறந்தபொழுதே கையெழுத்தின் காலம் மறையத் தலைப்பட்டது. மேசைக்குச் சில சுவடிகள் என அளந்து அமைத்த இம்மண்டபம், பின்னர்ப் பெருகிய அச்சு நூல்களுக்கு இடங்கொடாதாயிற்று. பழைய நூனிலையங்கள் பெரும்பாலும் புதியன புகுதற்பொருட்டே இடித்தும் மாற்றியும் கட்டப்பட்டன. இஃது அவ்வாறு வளராமையினாலேயே பிழைத்தது எனலாம்.

அதுமட்டும் காரணமன்று. நொவெல்லோவுக்கு மகப்பேறு இல்லை. உர்பினோக் குடியிற் பிறந்த அவன் மனைவி வியொலாந்தே, அவன் 1465-இல் இறந்தபின் துறவு பூண்டு பெர்ராரா நகரத்துக் கன்னியர் மடம் புகுந்தாள். நகரம் போப்பாண்டவர் ஆட்சிக்கு மீண்டது. பண்டாரம் தன் குடிக்கு உரியதாக இருந்திருப்பின் அக்குடியோடு அதுவும் மறைந்திருக்கும் என்பதனை அவன் உணர்ந்தான் போலும். மண்டபம் இருந்ததோ துறவியர் மடத்துள். சுவடிகளைப் பேணியவரும் துறவியரே. ஆயினும் காவலுரிமையை அவர்க்கு மட்டும் விடாது, நகரவையாரையும் உடன்வைத்தான். கதவிற்குத் திறவுகோல் இரண்டு; ஒன்று துறவியரிடத்தும் மற்றொன்று நகரவையாரிடத்தும் இருந்தன. ஒருவர் இன்றி மற்றவர் திறத்தல் இயலாது. நகரவையார் குறித்த காலந்தோறும் வந்து சுவடிகளை எண்ணிச் சரிபார்த்தனர். பொதுமக்கள் அவைக்குரிய நூனிலையம் ஐரோப்பாவில் இதுவே முதலாவது என்று அறிஞர் கூறுப.

பூட்டு ஒன்றே காவல் ஆகாது என்பது திருமுறைகளின் வரலாறு அறிந்தார்க்குச் சொல்ல வேண்டுவதன்று; பூட்டிய அறையுள் கறையான் புகும். செசேனாவிற் பூட்டைத் திறப்பித்தற்கும் ஒரு கடமை வகுக்கப்பட்டிருந்தது. எண்ணுவோர் வருவர் என்னும் அச்சம் காப்போர்க்கு உண்டு. காப்போர் காண்பர் என்னும் நாணம் எண்ணுவோர்க்கு உண்டு. ஒருவரை ஒருவர் ஐயுறுதல் அறவோர்க்குத் தகுமோ என்று வினவுவார் உளராகலாம். துறவியர் நேர்மையை நொவெல்லோ ஐயுற்றான் என்று கொள்ளுதல் வேண்டா. அவர் மறைந்த பின் வரும் நூற்றாண்டுகளையே அவன் ஐயுற்றான். இழந்தவை மிகச் சிலவாதலே அவன் கருத்திற்குச் சான்று.

அவ்வேற்பாட்டின் பயன் முந்நூற்று முப்பது ஆண்டுகளின் பின்னர் வெளிப்பட்டது. 1796-இல் நெப்போலியன் படை இத்தாலியிற் புகுந்தது. அதனைத் தொடர்ந்து மடங்கள் பல கலைக்கப்பட்டு, அவற்றின் உடைமைகள் கைக்கொள்ளப்பட்டன. செசேனாவின் பிரான்சிஸ்கு மடமும் தப்பவில்லை. ஒரு திறவுகோலுக்கு உரியவர் இல்லாராயினர். மற்றைத் திறவுகோல் நகரத்தாரிடத்தே இருந்தது. மடத்தின் சொத்து என்று மட்டுமே இருந்திருப்பின், மடம் பட்ட பாட்டினைச் சுவடிகளும் பட்டிருக்கும்.

வேறு மடங்களிலிருந்து வந்த நூல்களும் பிற்காலத்தே இங்கு அடைக்கலம் புகுந்தன. அவற்றுட் சில பெரிய இசைச் சுவடிகள் கண்டார் மனத்தைக் கவர்வன. கிரேக்கராகப் பிறந்து உரோமத் திருச்சபையிற் கர்தினாலாக விளங்கிய பெசாரியோன் என்பார், கான்ஸ்தாந்திநோபிளில் இருந்த துறவியர் மடம் ஒன்றற்கென அவற்றை எழுதுவித்தார். 1453-இல் அந்நகரம் துருக்கர் வசமாயிற்று. சென்று சேரவேண்டிய மடம் இல்லையாக, அவை செசேனாவிலுள்ள வேறொரு பிரான்சிஸ்கு மடத்துக்கு அளிக்கப்பெற்றன. துறவியர் பலர் ஒருங்கு நின்று ஓர் ஏட்டை நோக்கிப் பாடுதற்கேற்ப எழுத்துக்கள் மிகப் பெரியனவாக எழுதப்பட்டுள.

2005-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இந்நூனிலையத்தை உலக நினைவேட்டுப் பதிவில் சேர்த்தது. இத்தாலிய நாட்டிலிருந்து அப்பதிவிற் புகுந்தவற்றுள் இதுவே முதலாவது. சுவடிகளுக்குப் புதிய எண்கள் இடப்படவில்லை. வலமா இடமா என்பது முதலிலும், எத்தனையாவது மேசை என்பது அடுத்தும், அம்மேசையில் எத்தனையாவது சுவடி என்பது இறுதியிலுமாக அவற்றின் குறியீடு அமைந்துள்ளது. ஆராய்ச்சியாளர் ஒருவர் எந்நாட்டிலிருந்து ஒரு சுவடியைக் குறிப்பினும், அது கிடக்கும் பலகையைச் சொல்லியே குறிக்கின்றார்.